எழுதும் முன் படியுங்கள்: மாதிரி ரயில் லோகோவில் டிகோடர் புரோகிராமிங் கோளாறுகளைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

டிகோடர் (டிஜிட்டல் கட்டளையைக் கேட்டு மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சின்ன போர்டு) மாட்டிய லோகோவைத் தண்டவாளத்தில் வைத்து எண் கொடுக்கப் போனால் திரையில் ‘படிக்க முடியவில்லை’ என்று வருகிறது. அடுத்த பத்து நிமிடத்தில் புதியவர்கள் நாலைந்து சிவிகளை (டிகோடருக்குள் இருக்கும் எண்ணிட்ட அமைப்பு மதிப்புகளை) மாற்றி எழுதி, ரீசெட் கொடுத்து, மறுபடி எழுதிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு எது முதலில் இருந்த கோளாறு, எது நாமே சேர்த்த கோளாறு என்று யாராலும் சொல்ல முடியாது.

பழுது பெரும்பாலும் டிகோடருக்குள் இருப்பதில்லை. தண்டவாளத்தில், சக்கரத்தில், வயரில், இல்லையென்றால் தப்பாகப் போய் உட்கார்ந்த ஒரே ஒரு சிவியில் இருக்கும். அதனால் இந்த வரிசை வெளியிலிருந்து உள்ளே போகிறது. நடுவில் ஒரு படியைத் தாண்டாதீர்கள். தண்டவாளம் சரியில்லாதபோது டிகோடர் சொல்லும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. இங்குள்ள அளவுகள் எச்ஓ (1:87) லோகோக்களுக்கானவை. அதைவிடச் சிறிய N அளவுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

1. மேசைக்கு வர வேண்டியவை

கன்டின்யூட்டி பீப் உள்ள மல்டிமீட்டர். 25 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ளே வைத்த ஈயக்கம்பி. ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், சூடு தாங்கும் காப்டன் டேப். 100 ஓம் 2 வாட் ரெசிஸ்டர் இரண்டு. சுமார் ஒரு மீட்டர் நேர் டிராக். மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி. ஒரு நோட்டு.

டப்பாவில் வரும் சால்டர் பேஸ்ட் வேண்டாம். அதன் மிச்சம் மெல்லிய வயரை அரிக்கும், ஈரம் இழுத்து லேசாகக் கரண்டும் கடத்தும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம். ஈரோடு, கரூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் மூடிய லோகோவுக்குள் அதன் பசை இளகி டேப் நழுவிவிடும். ஆறு மாதம் நன்றாக ஓடிய லோகோவில் திடீர் ஷார்ட் வருவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

நோட்டு எதற்கு என்றால், ஒவ்வொரு சிவியையும் மாற்றுமுன் பழைய மதிப்பை எழுதி வைப்பதற்கு. இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த வழிகாட்டியில் பாதி உதவாது.

2. டிகோடர் எப்படிப் பதில் சொல்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதிப் படிகளின் காரணம் தானே தெரியும்.

புரோகிராமிங் டிராக்கில் (சிவிகளைப் படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய தண்டவாளத்தில்) டிகோடர் எண் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அதற்குத் தெரிந்த பதில் ‘ஆமாம்’ ஒன்றுதான். அதையும் மோட்டாரைக் கணநேரம் உசுப்பித்தான் சொல்கிறது. என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) தரப்படி, குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதல் கரண்டைச் சுமார் 6 மில்லி விநாடி இழுக்க வேண்டும். கமாண்ட் ஸ்டேஷன் (தண்டவாளம் வழியாகக் கட்டளை அனுப்பும் பெட்டி) அந்தக் கரண்ட் ஏற்றத்தைப் பார்த்து ‘ஆமாம்’ என்று குறித்துக்கொள்கிறது.

டைரக்ட் முறையில் ஒரு சிவியைப் படிப்பது என்றால், எட்டு பிட்டுகளையும் ஒவ்வொன்றாக ‘இது 1 தானா?’ என்று கேட்டு, கடைசியில் முழு எண்ணைச் சொல்லி ஒருமுறை உறுதி செய்வது. மௌனம் என்றால் ‘இல்லை’. இங்கேதான் சிக்கல். சக்கரத்தில் அழுக்கு இருந்து பதில் போய்ச் சேரவில்லை என்றாலும் அது ‘இல்லை’ என்றே கணக்காகிறது. அழுக்கு டிராக்கில் ஒரே சிவி ஒருமுறை படித்தும் மறுமுறை படிக்காமலும் போவது இதனால்தான்.

ஆகவே படிக்கும்போது திரையைப் பார்க்காதீர்கள், லோகோவைப் பாருங்கள். ஒவ்வொரு ‘ஆமாம்’க்கும் லோகோ இம்மியளவு துடிக்கும்; மோட்டார் மேல் விரல் வைத்தாலும் தெரியும்.

துடிக்கிறது, ஆனால் திரையில் பதில் இல்லை என்றால், டிகோடருக்குக் கேள்வி போகிறது, அதன் பதில் ஸ்டேஷனுக்கு எட்டவில்லை. படி 7க்குப் போகலாம். துடிப்பே இல்லை என்றால், கேள்வி டிகோடருக்குப் போகவில்லை அல்லது மோட்டார் இணைப்பு விட்டிருக்கிறது. படி 3, 4, 5 உங்களுக்கானவை.

3. புரோகிராமிங் டிராக்கை முழுக்கத் தனியாக்குங்கள்

இரண்டு தண்டவாளமும் லேஅவுட்டிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைப் பொதுவாக விடுவது அனலாக் காலத்துப் பழக்கம். டிசிசியில் (டிஜிட்டல் கட்டளை முறையில்) அது ஸ்டேஷனையே கெடுக்கக்கூடும். லேஅவுட்டோடு சேராத ஒரு மீட்டர் துண்டு எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பு.

அந்தத் துண்டில் லோகோவைத் தவிர எதுவும் கூடாது. விளக்கு வைத்த பெட்டி, பாயின்ட் மோட்டார் டிகோடர், ரயில் நிற்பதைக் கண்டறியும் ஆக்குபன்சி டிடெக்டர் எல்லாமே கரண்ட் இழுப்பவை. பின்னணியில் ஏறி இறங்கும் கரண்டுக்கு நடுவே 60 மில்லி ஆம்பியர் துடிப்பு தொலைந்துபோகும்.

அனலாக் செட்டோடு வந்த பவர் கிளிப்பைப் பயன்படுத்தாதீர்கள். ரேடியோ இரைச்சலைத் தடுக்க அதற்குள் ஒரு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அது டிசிசி சிக்னலின் கூர்மையை மழுக்கிவிடும். லோகோ ஏனோதானோவென்று ஓடும், புரோகிராமிங் மட்டும் நடக்காது. வயரை நேரடியாகத் தண்டவாளத்தில் பற்றவையுங்கள்.

என்சிஇ பவர் கேப் மாதிரி ஒரே அவுட்புட் உள்ள ஸ்டேஷன்களில் புரோகிராமிங் முறைக்குப் போனவுடன் முழு லேஅவுட்டும் புரோகிராமிங் டிராக் ஆகிவிடும். அங்கே நிற்கும் எல்லா லோகோவும் நீங்கள் எழுதும் எண்ணை வாங்கிக்கொள்ளும். ‘ஒரு லோகோவுக்கு எண் கொடுத்தேன், ஐந்தும் ஒன்றாக ஓடுகிறது’ என்பது இதுதான்.

கடைசியாக, ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு லோகோவை இந்தத் துண்டில் வைத்து அதன் சிவி8ஐப் படியுங்கள். அது படித்தால் ஸ்டேஷனும் டிராக்கும் சரி, சந்தேகம் புது லோகோ மேல் மட்டும். அதுவும் படிக்கவில்லை என்றால் புது லோகோவைத் தொடவே தேவையில்லை. இந்த ஒரு நிமிடச் சோதனை ஒரு சாயங்காலத்தை மிச்சப்படுத்தும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்டார்ட்டர் செட்டில் வரும் சில கன்ட்ரோலர்களுக்கு எழுத மட்டுமே தெரியும், படிக்கத் தெரியாது. கையேட்டில் பார்த்துவிட்டுக் கோளாறு தேடுங்கள்.

4. சக்கரமும் தண்டவாளமும்

ஆல்கஹாலில் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, மோட்டாருக்குத் தனியாக 9 வோல்ட் கொடுத்துச் சக்கரங்களை அதன்மேல் சுழல விடுங்கள். டிகோடர் ஏற்கெனவே மாட்டியிருந்தால் மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்காதீர்கள். கையால் உருட்டித் துடையுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு பொருளும் கலந்திருப்பதால் படலம் விடும்.

உப்புத்தாள் கூடாது. அது விடும் கீறலில் அடுத்த அழுக்கு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். இரும்புப் பஞ்சு கண்டிப்பாகக் கூடாது. உதிரும் இழை நேரே மோட்டார் காந்தத்துக்குப் போகும்.

நம் பக்கத்துக்கென்று சில தொல்லைகள் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி இருக்கும் தெருவில் வீடு என்றால் பஞ்சு இழை ஆக்சிலில் சுற்றி, கரண்ட் எடுக்கும் பிக்கப் தகடுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மெத்தை போட்டுவிடும். வெளியே பார்த்தால் சக்கரம் பளபளவென்று இருக்கும். ஊசி முனை இடுக்கியால் ஒவ்வொரு ஆக்சிலாக இழுத்து எடுக்க வேண்டும். கோவையில் லேத் பட்டறை, பவுண்டரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரும்புத் தூள். அது மோட்டார் காந்தத்தில் ஒட்டி ஆர்மேச்சரை இழுத்துப் பிடிக்கும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த டிராக்கை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத்தான் புரோகிராமிங் செய்ய வேண்டும்.

துடைத்த பின் மீட்டரால் பாருங்கள். டிகோடரின் சிவப்பு வயருக்கும் வலப்பக்கத்துச் சக்கரம் ஒவ்வொன்றுக்கும், கறுப்பு வயருக்கும் இடப்பக்கத்துச் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் பீப் வர வேண்டும். ரப்பர் வளையம் போட்ட சக்கரம் கரண்ட் எடுக்காது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீலகிரி மலை ரயில் மாதிரிச் சின்ன எஞ்சின்களில் கரண்ட் எடுக்கும் சக்கரமே நாலோ ஆறோதான். அதில் ஒன்று விட்டாலும் படிப்பது தடுமாறும். லோகோவை விரலால் லேசாக அழுத்திப் பிடித்தபடி படித்துப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் படித்தால் கோளாறு பிக்கப்பில்தான்.

5. வயரிங்: மோட்டார் தனித்து நிற்கிறதா?

டிகோடரைக் கொல்லும் தவறு இங்கேதான் நடக்கிறது. மோட்டாரின் இரண்டு முனைகளும் டிகோடரைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. டிகோடர் மாட்டுமுன், மோட்டார் முனை ஒவ்வொன்றையும் எல்லாச் சக்கரங்களோடும் சேசிஸோடும் சோதியுங்கள். எங்கும் பீப் வரக்கூடாது.

வெளிநாட்டுச் சேசிஸ் மேல் 3டி அச்சில் எடுத்த டபிள்யூடிஎம், டபிள்யூஏபி (இந்திய டீசல், மின்சார எஞ்சின் வகைகள்) உடலை உட்கார வைப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய ஆதர்ன் ப்ளூ பாக்ஸ் சேசிஸில் மோட்டாரின் கீழ்ப் பிரஷ் கிளிப் சேசிஸையே தொட்டுக்கொண்டிருக்கும். அனலாகில் அதுதான் அதன் வயர். மோட்டாரைக் கழற்றி, அந்தக் கிளிப்பைத் திருப்பி, அடியில் காப்டன் டேப் ஒட்டி மறுபடி சோதியுங்கள்.

இன்சுலேஷன் பார்க்க வேண்டும் என்றதும் பம்ப் செட் வைண்டிங் தெரிந்தவர்கள் கை மெகருக்குப் போகும். வேண்டாம். 500 வோல்ட் மெகரை டிகோடர் இருக்கும் லோகோவில் வைத்தால் அத்தோடு டிகோடர் முடிந்தது. சீரிஸ் லாம்பும் அப்படியே. மல்டிமீட்டர் போதும்.

அடுத்தது ஸ்டால் கரண்ட். டிகோடர் இல்லாமல் மோட்டாருக்கு 12 வோல்ட் டிசி கொடுத்து, சக்கரத்தை ஒரு விநாடி பிடித்து நிறுத்தி ஆம்பியர் பாருங்கள். டிகோடரின் அளவுக்குள் வர வேண்டும். எச்ஓ டிகோடருக்கு அது பொதுவாக 1 ஆம்பியர் அளவில் இருக்கும், N அளவு டிகோடருக்கு அதைவிடக் குறைவு. தாண்டினால் மோட்டாரை மாற்றுங்கள், இல்லையென்றால் பெரிய டிகோடர் வாங்குங்கள்.

வயர் நிறங்கள்: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளின் பொது நேர்முனை. நீல வயரைச் சேசிஸில் பூட்டுவது புதியவர்களின் வழக்கமான தவறு. பொது என்றால் பூமி என்று நினைத்துவிடுகிறார்கள், டிசிசியில் அப்படியில்லை.

8 முனைப் பிளக்கைத் தலைகீழாகச் செருகினால் பொதுவாக எதுவும் எரியாது. ஆனால் விளக்கு எரியாது, லோகோ பின்னோக்கி ஓடும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சிவியைத் தொடாமல் பிளக்கைத் திருப்புங்கள். 21 முனைப் பிளக்கில் அந்தச் சலுகை இல்லை. அடைத்த துளை எந்தப் பக்கம் என்று பார்த்து ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொண்டு அழுத்துங்கள்.

மோட்டாரின் குறுக்கே சின்னக் கெபாசிட்டர் இருந்தால் வெட்டி எடுங்கள். அது டிகோடர் மோட்டாரின் வேகத்தை அளப்பதைக் குழப்பும். லோகோ துள்ளித் துள்ளிப் போகும்.

6. முதல் கேள்வி சிவி8

இப்போது புரோகிராமிங் டிராக்கில் வைத்து சிவி8ஐ மட்டும் படியுங்கள். எதையும் எழுத வேண்டாம். இதில் இருப்பது தயாரிப்பாளர் எண். மாறாத எண், எதிர்பார்க்க முடிந்த எண். அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறோம்.

இஎஸ்யூ 151, ஜிமோ 145, சவுண்ட்டிராக்ஸ் 141, டிஜிட்ராக்ஸ் 129, லென்ஸ் 99, டிசிஎஸ் 153, என்சிஇ 11, ஹார்ன்பி 48.

மூன்று முறை படியுங்கள். மூன்றும் ஒன்றாக, பெட்டியில் எழுதிய கம்பெனியோடு பொருந்தினால் பாதை தெளிவு. மூன்றும் வேறுவேறு என்றால் படி 4க்குத் திரும்புங்கள். பொருந்தாத ஒரே எண் மூன்று முறை வந்தால், உள்ளே இரண்டு டிகோடர் இருக்கலாம்; மோட்டாருக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று வைத்த பழைய லோகோக்களில் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி எண்ணைக் குழப்பும். ஒன்றைக் கழற்றிவிட்டுப் படியுங்கள்.

பிறகு சிவி1, 17, 18, 19, 29 ஐந்தையும் படித்து நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலான புதிர்களுக்கு விடை இந்த ஐந்து எண்களில் இருக்கும்.

7. படிக்கவே முடியவில்லை என்றால்

முதல் சந்தேகம் கீப் அலைவ் கெபாசிட்டர் (தண்டவாளத்தில் கரண்ட் கணநேரம் விட்டாலும் லோகோவை ஓட வைப்பது) மேல். தரப்படி புரோகிராமிங் டிராக்கில் 250 மில்லி ஆம்பியர் 100 மில்லி விநாடிக்கு மேல் போனால் ஸ்டேஷன் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொள்ளும். காலிக் கெபாசிட்டர் நிரம்பும்போது அதற்கு மேல் இழுக்கும். நிரம்பிய பிறகு டிகோடரின் துடிப்பைத் தானே ஈடுகட்டி மறைத்துவிடும். அதன் ஒரு வயரைப் பிரித்துவிட்டு புரோகிராம் செய்து, பிறகு இணையுங்கள். அடிக்கடி செய்ய வேண்டியிருந்தால் நடுவில் ஒரு குட்டிக் கனெக்டர் வையுங்கள். கன்ட்ரோல் வயரோடு மூன்று வயரில் வரும் பவர் பேக்குகளை டிகோடரே தேவைப்படும்போது துண்டித்துக்கொள்வதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது, சவுண்ட் டிகோடர். சிலவற்றுக்குப் பழைய ஸ்டேஷன்கள் கொடுக்கும் கரண்ட் போதாது. சவுண்ட்டிராக்ஸின் பிடிபி-100 மாதிரி புரோகிராமிங் பூஸ்டர் நடுவில் வைக்கலாம், அல்லது படிப்பதை விட்டுவிட்டு மெயினில் (லோகோ வழக்கமாக ஓடும் தண்டவாளத்தில்) எழுதலாம்.

மூன்றாவது, துடிப்பு மிகச் சிறியது. N அளவு லோகோக்களிலும் கோர்லெஸ் மோட்டார்களிலும் மோட்டார் 60 மில்லி ஆம்பியர் இழுக்காமல் போகலாம். மோட்டாரே இல்லாமல் விளக்கு மாதிரியானவற்றை மட்டும் இயக்கும் ஃபங்ஷன் டிகோடரில் எல்லாம் எல்இடி என்றால் துடிப்புக்கு வழியே இல்லை. ஆரஞ்சு, சாம்பல் வயர்களுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரைத் தற்காலிகமாக வையுங்கள். ஃபங்ஷன் டிகோடர் என்றால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே. 14 வோல்ட்டில் அது 140 மில்லி ஆம்பியர் இழுக்கும், பதில் தெளிவாகக் கேட்கும். புரோகிராம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மெயினில் அதோடு ஓட்டினால் கிட்டத்தட்ட 2 வாட் சூடு, பிளாஸ்டிக் உடல் உருகிவிடும்.

நான்காவது, ஆர்டுயினோ மெகா போர்டில் டிசிசி-இஎக்ஸ் மென்பொருள் போட்டுச் சொந்தமாக ஸ்டேஷன் கட்டியவர்களுக்கு. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிவப்பு எல்298என் மோட்டார் டிரைவர் போர்டில் கரண்ட் அளக்கும் முனை வெளியே வருவதில்லை. லோகோ ஓடும், எழுதவும் செய்யும், படிக்க ஒருநாளும் செய்யாது. கரண்ட் சென்ஸ் உள்ள மோட்டார் ஷீல்டுதான் வேண்டும். அந்த ஷீல்டுக்கு 9 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதானால் பின்புறத்தில் ‘வின் கனெக்ட்’ என்று குறித்த இணைப்பை முதலில் வெட்டுங்கள். இல்லையென்றால் அந்த வோல்டேஜ் மெகாவின் ரெகுலேட்டருக்குள் போகும். ஷீல்டு சரியாக இருந்தும் படிக்கவில்லை என்றால் ஏக் (ACK, அதாவது ‘ஆமாம்’ துடிப்பு) கண்டறியும் பதிவை ஆன் செய்து பாருங்கள். துடிப்பு எத்தனை மில்லி ஆம்பியர், எத்தனை மைக்ரோ விநாடி என்று எண்ணாகவே காட்டும். வரம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது என்றால் வரம்பைக் குறைத்தால் போதும்.

கம்ப்யூட்டரில் ஓடும் ஜேஎம்ஆர்ஐ டிகோடர்புரோ மென்பொருளில் பிழை எண் 301 என்றால் லோகோ இருப்பதே தெரியவில்லை: டிராக் இணைப்பு, சக்கரம். 308 என்றால் பதில் துடிப்பு வரவில்லை. 306 என்றால் கம்ப்யூட்டருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் பேச்சு நின்றிருக்கிறது. யுஎஸ்பி வயரையும் போர்ட் எண்ணையும் பாருங்கள், லோகோவை விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் படிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிப் பார்க்கலாம். பதில் கேட்காவிட்டாலும் எழுத்து உள்ளே போயிருக்க வாய்ப்புண்டு. சிவி19ல் 0, சிவி1ல் 5, சிவி29ல் 6 என்று மூன்றையும் எழுதி, மெயினில் வைத்து 5ஐக் கூப்பிடுங்கள். 3ஐ எழுதாமல் 5 எழுதுவது ஏன் என்றால், 3 எல்லா டிகோடருக்கும் தொழிற்சாலை எண். 3ல் ஓடினால் நாம் எழுதியது போனதா என்று தெரியாது.

8. முகவரி எழுதுதல், சிவி29 கணக்கு

அதிகமாகக் குழம்பும் இடம் இது. நிதானமாகப் போவோம்.

குறு முகவரி 1 முதல் 127 வரை, சிவி1ல் இருக்கும். நெடு முகவரி சிவி17, சிவி18 இரண்டிலும் பிரிந்திருக்கும். எதைக் கேட்பது என்று தீர்மானிப்பது சிவி29. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் லோகோ அசையாது. மூவரில் ஒருவர் மட்டும் மாறியிருந்தாலும் போதும்.

சிவி29 ஒரு கூட்டுத்தொகை. திசையைத் திருப்ப 1. 28/128 வேகப்படிக்கு 2. அனலாகிலும் ஓட 4. ரெயில்காமுக்கு (மெயினிலேயே டிகோடர் பதில் அனுப்பும் வசதி) 8. வேக அட்டவணைக்கு 16. நெடு முகவரிக்கு 32. வேண்டியதைக் கூட்டுங்கள். சாதாரணக் குறு முகவரி லோகோவுக்கு 2+4=6. நெடு முகவரி என்றால் 38. ரெயில்காமும் இருந்தால் 14, 46.

ஈரோடு ஷெட்டில் பார்க்கும் லோகோ எண்ணையே முகவரியாக வைக்க எல்லோருக்கும் ஆசை. நம் லோகோக்களுக்கு ஐந்து இலக்கம். டிசிசியின் உச்சம் 10239, பல ஸ்டேஷன்கள் 9999லேயே நிற்கும். ஆகவே கடைசி நாலு இலக்கம். 22674 என்ற டபிள்யூஏபி-4க்கு 2674.

கணக்கு: 2674ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 114. ஈவோடு 192ஐக் கூட்டினால் சிவி17 = 202. மீதி அப்படியே சிவி18 = 114. சிவி17ஐ எழுதிய கையோடு சிவி18ஐ எழுதுங்கள், பிறகு சிவி29ல் 38. ஸ்டேஷனில் ‘முகவரி எழுது’ என்று தனி மெனு இருந்தால் பெரும்பாலும் அதுவே மூன்றையும் செய்துவிடும். கையால் சிவி17ஐ மட்டும் மாற்றிவிட்டு விடுபவர்களுக்குத்தான் லோகோ காணாமல் போகிறது.

நாலு இலக்கப் பழக்கத்தில் இரண்டு பொறிகள். கடைசி நாலு இலக்கம் ஒன்றாக உள்ள இரண்டு லோகோ உங்களிடம் இருந்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி வரும். ஒன்றுக்கு வேறு எண் கொடுங்கள். அடுத்தது, 30083க்கு 0083 என்று கொடுத்தால் சில ஸ்டேஷன்கள் அதைக் குறு முகவரி 83 என்றும், என்சிஇ முன்னால் பூஜ்யம் இருப்பதால் நெடு முகவரி 83 என்றும் எடுத்துக்கொள்ளும். 100 முதல் 127 வரையிலும் இதே தகராறு: லென்ஸுக்கு 100லிருந்தே நெடு முகவரி, டிஜிட்ராக்ஸுக்கு 127 வரை குறு முகவரி. நண்பர் வீட்டு லேஅவுட்டுக்கு எடுத்துப்போகும் லோகோ என்றால் 1 முதல் 99, அல்லது 128க்கு மேல். நடுவில் வேண்டாம்.

9. எழுதியாச்சு, ஓடவில்லை

*விளக்கு கேட்கிறது, மோட்டார் கேட்கவில்லை.* சிவி19ஐப் பாருங்கள். இரட்டை எஞ்சின் கட்டி ஓட்டிய பிறகு பிரிக்காமல் விட்டால் அதில் ஒரு எண் தங்கியிருக்கும். லோகோ தன் சொந்த முகவரியில் வேகக் கட்டளையை மதிக்காது. 0 எழுதுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லோகோவில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

*வேகம் கூட்டக் கூட்ட விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது.* டிகோடர் 14 படியில், ஸ்டேஷன் 28 அல்லது 128ல். சிவி29ல் 2 சேரவில்லை.

*கரண்ட் கொடுத்தவுடன் முழு வேகத்தில் பாய்கிறது.* சிக்னலை அனலாக் என்று டிகோடர் தப்பாக நினைக்கிறது. பெரும்பாலும் ஒரு ஷார்ட்டுக்குப் பிறகு வரும். சிவி29ல் 4ஐக் கழியுங்கள்: 6 இருந்தால் 2, 38 இருந்தால் 34. டிசிசியில் மட்டும் ஓட்டுபவர்கள் எல்லா லோகோவிலும் இதை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது.

*அசையவே இல்லை, ஒரு நிமிடம் கழித்து மெதுவாக நகர்கிறது.* சிவி3 மிகப் பெரியது. என்எம்ஆர்ஏ சூத்திரப்படி நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ சிவி3 பெருக்கல் 0.896 விநாடி. 50 என்றால் 45 விநாடி. 255 என்றால் நாலு நிமிடத்துக்கு அருகில். 0 எழுதிச் சோதித்துவிட்டு பிறகு கூட்டுங்கள். டீசல் சவுண்ட் டிகோடர் என்றால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் ஒலி முடியும் வரை அது நகராமல் நிற்கும், அது பழுதல்ல.

*கொஞ்ச தூரம் ஓடி வேகம் ஏற மறுக்கிறது.* சிவி29ல் 16 சேர்ந்திருந்து, வேக அட்டவணையான சிவி67 முதல் 94 வரை தாறுமாறாக இருக்கலாம். 16ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சிவி5, உச்ச வேகம், குறைந்திருக்கும்.

*படிக்கவும் இல்லை எழுதவும் இல்லை, ஆனால் பழைய முகவரியில் நன்றாக ஓடுகிறது.* பூட்டு வசதி உள்ள டிகோடர். சிவி15ல் உள்ள எண் சிவி16ல் உள்ளதோடு பொருந்தினால்தான் திறக்கும். பூட்டியிருந்தாலும் சிவி15ஐ எழுதலாம். 0, 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொரு முறையும் சிவி8ஐப் படித்துப் பாருங்கள்.

10. மெயினில் எழுதும்போது

மெயினில் முகவரியைச் சொல்லி அழைத்துத்தான் எழுத முடியும். எனவே முகவரி தெரியாத லோகோவுக்கு இது உதவாது. ரெயில்காம் இல்லாவிட்டால் பதிலும் வராது. எழுதியது போய்ச் சேர்ந்ததா என்பதை லோகோ நடந்துகொள்வதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

வேகம், ஒலி அளவு, மொமென்டம் (வேகம் ஏறி இறங்க ஆகும் நேரம்) ஆகியவற்றை இங்கே மாற்றுங்கள், மாற்றம் உடனே கண்ணுக்குத் தெரியும். முகவரியைப் புரோகிராமிங் டிராக்கில் மாற்றுங்கள். பல டிகோடர்கள் மெயினில் சிவி1ஐ எழுத விடுவதில்லை.

மெயினின் வயரிங் மேல் சந்தேகம் இருந்தால் ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே, மீட்டருக்கு ஓரிடமாக வைத்துப் பாருங்கள். வைத்த கணமே ஸ்டேஷன் கரண்டை நிறுத்த வேண்டும். நிறுத்தாத இடத்தில் ஃபீடர் வயர் மெலிசு. அங்கே லோகோ தடம் புரண்டு ஷார்ட் ஆனால் முதலில் போவது டிகோடர்.

11. 256க்கு மேலுள்ள சிவிகள்

சிவி257க்கு மேல் பக்கம் பக்கமாக இருக்கும். எந்தப் பக்கம் என்பதை சிவி31, சிவி32 சொல்லும். இஎஸ்யூ லோக்சவுண்டில் சிவி31ல் 16, சிவி32ல் கையேடு சொல்லும் எண் வைத்துவிட்டுத்தான் உள்ளே எழுத வேண்டும். இதை மறந்து எழுதினால் வேறு பக்கத்தில் ஏதோ ஒன்று மாறும். ஹாரன் பொத்தானை அழுத்தினால் பிரேக் சத்தம் வரும்.

டிகோடர்புரோவில் இன்னொரு பொறி. தப்பான டிகோடர் மாடலைத் தேர்ந்தெடுத்து, எதையும் படிக்காமல் ‘எல்லாவற்றையும் எழுது’ கொடுப்பது. நூற்றுக்கணக்கான சிவிகள் மென்பொருளின் உத்தேச மதிப்புகளால் நிரம்பிவிடும். முதலில் எல்லாவற்றையும் படித்து ரோஸ்டரில் (மென்பொருளின் லோகோ பட்டியலில்) சேமியுங்கள். அதன் பிறகு மாற்றிய பக்கத்தை மட்டும் எழுதுங்கள். நீளமான எழுத்து நடக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய டிகோடர்தான் மிஞ்சும். மாதாந்திர மின்தடை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

12. ரீசெட்

இவ்வளவுக்கும் பிறகுதான் ரீசெட். இஎஸ்யூ, ஜிமோ, டிஜிட்ராக்ஸ், சவுண்ட்டிராக்ஸ் சுனாமி2 நாலுக்கும் சிவி8ல் 8. டிசிஎஸ் என்றால் சிவி8ல் 2. லென்ஸ் என்றால் சிவி8ல் 33. என்சிஇ என்றால் சிவி30ல் 2. எழுதிய பின் டிராக் கரண்டை நிறுத்திச் சில விநாடி விட்டுக் கொடுங்கள். பலவற்றில் ரீசெட் அப்போதுதான் நிறைவேறும்.

தொழிற்சாலையிலேயே டிகோடர் வைத்து வந்த லோகோவில் ரீசெட் கொடுக்க யோசியுங்கள். அந்த மோட்டாருக்கென்று சரிசெய்து அனுப்பிய மதிப்புகள் போய், ஓட்டம் முரடாகலாம். நோட்டில் பழைய எண்கள் இருந்தால் கவலை இல்லை.

ரீசெட்டுக்குப் பிறகு முகவரி 3. பழைய எண்ணில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘ரீசெட்டும் வேலை செய்யவில்லை’ என்பவர்கள் நிறைய.

13. டிகோடர்தான் போய்விட்டதா?

லோகோவிலிருந்து கழற்றுங்கள். ஆரஞ்சு–சாம்பல் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர், சிவப்பும் கறுப்பும் நேரே புரோகிராமிங் டிராக்கில். வேறு எந்த வயரும் எதையும் தொடக்கூடாது. நுனிகளில் டேப் ஒட்டுங்கள். இப்போது சிவி8ஐப் படியுங்கள்.

படித்தால் டிகோடர் நன்றாக இருக்கிறது, கோளாறு லோகோவில். படி 5ஐ ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்யுங்கள்.

படிக்கவில்லை, ஆனால் மற்றொரு டிகோடர் இதே ரெசிஸ்டரோடு படிக்கிறது என்றால் இது போய்விட்டது. உறையில் கொப்புளமோ கருகிய வாசனையோ இருக்கிறதா பாருங்கள். கருகியிருந்தால் காரணம் லோகோவில் இன்னும் அப்படியே காத்திருக்கிறது: சேசிஸைத் தொடும் பிரஷ், அளவை மீறும் ஸ்டால் கரண்ட், உடலை மூடும்போது நசுங்கும் வயர். அடுத்த டிகோடரை உறையிலிருந்து எடுக்குமுன் மோட்டார் முனைகளிலிருந்து சக்கரங்களுக்கு ஒருமுறை மீட்டர் வையுங்கள், உடலை மூடிய நிலையிலும் ஒருமுறை வையுங்கள். திறந்திருக்கும்போது பீப் இல்லாமல், மூடியவுடன் பீப் வரும் லோகோக்கள் உண்டு.